பிடிஎஃப் படிக்க எத்தனை எக்ஸ்டென்ஷன் வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில், பிரவுசரில் சேர்ந்துபோன எக்ஸ்டென்ஷன்களை, அதாவது பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு கூடுதல் வேலை செய்யும் சிறு மென்பொருள்களை, களையச் சொல்லி ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பிடிஎஃப் பற்றியே இருந்தன. அதனால் இந்த முறை பிடிஎஃபும் அதன் உறவினர்களும் மட்டும்தான். வைஃபை, பேட்டரி என்று கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய கம்ப்யூட்டரில், பிரவுசருக்குள்ளேயே பிடிஎஃப் திறக்க ஒரு ப்ளக்-இன் போட்டுக் கொடுத்திருந்தார்கள். இப்போது கம்ப்யூட்டரை மாற்றிவிட்டேன். அந்த ப்ளக்-இன்னை எங்கே தேடியும் காணவில்லை. எங்கிருந்து இறக்கிக்கொள்வது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

எங்கிருந்தும் இறக்க வேண்டாம் ஐயா. தேடுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். நீங்கள் சொல்லும் ப்ளக்-இன் வகை 1995-இல் நெட்ஸ்கேப் பிரவுசரோடு வந்தது. பிரவுசருக்குத் தெரியாத கோப்பு வந்தால் வெளியிலிருந்து ஒரு மென்பொருளைக் கூப்பிட்டுப் பக்கத்துக்குள்ளேயே உட்காரவைக்கும் ஏற்பாடு அது. வசதிதான். ஆனால் அந்த மென்பொருளில் ஓட்டை இருந்தால், கம்ப்யூட்டர் முழுவதற்கும் அது வழியாகிவிடும். குரோம் 2015 செப்டம்பரில் அந்த ஏற்பாட்டை அடியோடு நீக்கியது. ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்சில், இணையத்தில் வீடியோவும் விளையாட்டும் ஓடவைத்த ஃப்ளாஷ் என்ற ப்ளக்-இன்னை மட்டும் விட்டுவைத்து மற்ற எல்லாவற்றையும் நிறுத்தியது. 2020 கடைசியோடு ஃப்ளாஷின் கதையும் முடிந்தது.

அதற்கு முன்பே பிரவுசர்கள் பிடிஎஃப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தன. குரோமில் 2010 முதலும் ஃபயர்ஃபாக்ஸில் 2013 முதலும் பிடிஎஃப் திறக்கும் பகுதி உள்ளேயே இருக்கிறது. எட்ஜ், சஃபாரி இரண்டிலும் அப்படித்தான். கோப்பைத் தொட்டாலே திறக்கும்.

இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு ஒரு இணையப் பக்கம் ‘இந்த ஆவணத்தைப் பார்க்க ப்ளக்-இன் தேவை, இங்கே அழுத்துங்கள்’ என்று கேட்டால், அது பல வருடமாக யாரும் கவனிக்காத பக்கமாக இருக்கும், அல்லது உங்களை ஏமாற்றப் பார்க்கும் பக்கமாக இருக்கும். எதுவானாலும் அந்த டேபை மூடிவிடுங்கள்.

கேள்வி: என் பிரவுசரில் பிடிஎஃபுக்கென்று மட்டும் ஆறு எக்ஸ்டென்ஷன்கள் இருக்கின்றன. படிக்க, இணைக்க, பிரிக்க, வேர்டாக மாற்ற, கோடு போட, கறுப்புப் பின்னணியில் பார்க்க என்று ஒவ்வொரு சமயம் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்கிறீர்கள். இலவசம்தானே, இருந்துவிட்டுப் போகட்டுமே?
– கணக்காளராக வேலை பார்க்கும் வாசகி

கணக்கு வேலையில் இருப்பவர் நீங்கள். அதனால்தான் உங்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. அந்தப் பிரவுசரில் நீங்கள் திறப்பது உங்கள் கோப்புகளை மட்டுமல்ல. வாடிக்கையாளர்களின் வரவு செலவும் வங்கிப் பக்கங்களும் அதில்தான் திறக்கின்றன.

எக்ஸ்டென்ஷன் சேர்க்கும்போது ஒரு சிறிய பெட்டி வருமே, நினைவிருக்கிறதா? ‘எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தகவல்கள் அனைத்தையும் படிக்கவும் மாற்றவும் முடியும்’ என்று அதில் எழுதியிருக்கும். பலர் படிக்காமல் சம்மதம் தருவது அந்த வரிக்குத்தான். அதில் மிகை எதுவும் இல்லை, சொன்னது சொன்னபடியே நடக்கும். நீங்கள் வங்கிப் பக்கத்தில் தட்டுவதை அதனால் பார்க்க முடியும். பக்கத்தில் தெரியும் எண்ணை மாற்றிக்காட்டவும் முடியும். பிடிஎஃபைக் கறுப்புப் பின்னணியில் காட்டுவதற்கு இவ்வளவு அதிகாரம் எதற்கு என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

பயமுறுத்தச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். 2023 மே மாதம் விளாடிமிர் பாலன்ட் என்பவர், ‘பிடிஎஃப் டூல்பாக்ஸ்’ என்ற குரோம் எக்ஸ்டென்ஷனைப் பிரித்துப் பார்த்தார். விளம்பரங்களைத் தடுக்கும் ஆட்பிளாக் பிளஸ் எக்ஸ்டென்ஷனை உருவாக்கியவர்களில் ஒருவர் அவர், எக்ஸ்டென்ஷன்களின் உள்விவகாரம் அறிந்தவர். அந்த எக்ஸ்டென்ஷனை இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வைத்திருந்தார்கள். சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்தது, மதிப்பெண்ணும் நன்றாகவே இருந்தது. ஆனால் உள்ளே, சாதாரண நிரல் போல வேஷம் போட்ட ஒரு பகுதி இருந்தது. வெளியில் ஒரு சர்வரிலிருந்து எந்த நிரலை வேண்டுமானாலும் வாங்கிவந்து, நீங்கள் திறக்கும் எந்தப் பக்கத்துக்குள்ளும் செருக அது வழிசெய்து வைத்திருந்தது. தொடர்ந்து தேடியபோது அதே சரக்கு உள்ள வேறு எக்ஸ்டென்ஷன்கள் முப்பதுக்கும் மேல் சிக்கின. பிறகு கூகுள் அவற்றைத் தன் எக்ஸ்டென்ஷன் கடையிலிருந்து நீக்கியது. ஆக, ‘லட்சக்கணக்கான பேர் பயன்படுத்துகிறார்கள்’ என்பதையும் நாலரை நட்சத்திரத்தையும் பார்த்து நம்பிவிட முடியாது.

நல்லவர் எழுதிய எக்ஸ்டென்ஷனும் கைமாறலாம். டேப்களைத் தூங்கவைக்கும் ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ அப்படித்தான் ஆனது. 2020-இல் எழுதியவர் அதை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார். 2021 பிப்ரவரியில் கூகுள் அதைத் தீங்கான மென்பொருள் என்று சொல்லி முடக்கியது. எக்ஸ்டென்ஷன்கள் நம்மைக் கேட்காமல் தாமாகவே அப்டேட் ஆகின்றன. கூடுதல் அனுமதி கேட்டால் மட்டும் குரோம் அதை நிறுத்திவைத்து உங்களிடம் கேட்கும். ‘எல்லாத் தளங்களும்’ என்ற அனுமதியை ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்களிடம் புதிதாகக் கேட்க என்ன இருக்கிறது?

சரி, உங்கள் ஆறுக்கு வருவோம்.

படிப்பதற்கான எக்ஸ்டென்ஷன் வேண்டாம், பிரவுசரே படிக்கும். கோடு போடவும் மேலே எழுதவும் ஃபயர்ஃபாக்ஸில் 2022 அக்டோபரிலிருந்து வசதி இருக்கிறது, எட்ஜிலும் உண்டு. அதையும் எடுத்துவிடுங்கள். இணைப்பதும் பிரிப்பதும் பிரவுசர் வேலையே இல்லை. அதற்குக் கம்ப்யூட்டரில் நிறுவும் ஒரு சாதாரண மென்பொருள் போதும், பிடிஎஃப்சாம் என்று ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. சில பக்கங்களை மட்டும் பிரித்தெடுக்க அதுவும் தேவையில்லை. பிரிண்ட் கொடுக்கும் இடத்தில் பிரிண்டருக்குப் பதில் ‘சேவ் ஆஸ் பிடிஎஃப்’ தேர்ந்தெடுத்து, பக்க எண்களைக் கொடுத்தால் முடிந்தது. வேர்டாக மாற்றுவதுதான் இதில் மோசமான ஆசாமி. பெரும்பாலும் கோப்பை எங்கோ உள்ள சர்வருக்கு அனுப்பி, அங்கே மாற்றித்தான் திருப்பித் தருகிறார்கள். அதாவது உங்கள் வாடிக்கையாளரின் கணக்கு முன்பின் தெரியாத ஒருவரின் சர்வருக்குப் போகிறது. வேர்டிலேயே பிடிஎஃபைத் திறந்து மாற்றிக்கொள்ளலாமே.

ஒரு எக்ஸ்டென்ஷன் கோப்பை வெளியே அனுப்புகிறதா என்று பார்க்க நான் செய்வது இதுதான். எக்ஸ்டென்ஷனைத் திறந்துவைத்துவிட்டு, இணைய இணைப்பைத் துண்டித்து, ஒரு கோப்பைக் கொடுப்பேன். வேலை நடக்கவில்லை என்றால், அது சர்வரை நம்பித்தான் இருக்கிறது. வேலை நடந்துவிட்டாலும் முழுச் சான்றிதழ் கொடுத்துவிட முடியாது. இணைப்பு திரும்பியதும் அது என்ன செய்யும் என்று யார் கண்டது? ஆனால் முதல் வகையை வடிகட்ட இந்தச் சோதனை போதும்.

மிச்சமிருப்பது கறுப்புப் பின்னணி. அது கண்ணுக்குச் சுகம் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கையைக் கட்டிவையுங்கள். குரோமில் முகவரிப் பட்டைக்குப் பக்கத்திலுள்ள புதிர்த்துண்டுப் படத்தைத் தொட்டு ‘மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்’ போங்கள். அந்த எக்ஸ்டென்ஷனின் ‘டீடெய்ல்ஸ்’ பகுதியில், எந்தெந்தத் தளங்களை அது பார்க்கலாம் என்று கேட்கும். ‘ஆன் க்ளிக்’ என்று மாற்றிவிடுங்கள். அதன் பிறகு நீங்கள் கூப்பிட்டால்தான் வரும். ஃபயர்ஃபாக்ஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஆட்-ஆன் பட்டியல் வரும், எக்ஸ்டென்ஷன்கள் அதில்தான் இருக்கும். ஒவ்வொன்றின் ‘பெர்மிஷன்ஸ்’ பகுதியையும் படித்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் அழிக்க மனம் வரவில்லையா? முதலில் அணைத்து மட்டும் வையுங்கள். ஒரு வாரம் போகட்டும். எதை நீங்கள் தேடவே இல்லையோ, அதை ‘ரிமூவ்’ கொடுத்துவிடலாம். அலுவலகக் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்த காலத்தில் எல்லோருக்கும் இதைத்தான் சொல்வேன். அணைத்துவைத்ததை மறுபடி கேட்டு வந்தவர்கள் மிகக் குறைவு.

கேள்வி: சில பிடிஎஃப்கள் டேபிலேயே திறக்கின்றன. சில நேராக டவுன்லோடு ஆகிவிடுகின்றன. என் பிரவுசரில் ஏதாவது கோளாறா?
– கல்லூரி மாணவர்

கோளாறு இல்லை. கோப்பை அனுப்பும் சர்வர் கூடவே ஒரு குறிப்பையும் அனுப்புகிறது. ‘இதைக் காட்டு’ என்று இருந்தால் பிரவுசர் காட்டும். ‘இதைச் சேமித்துவை’ என்று இருந்தால் டவுன்லோடு செய்யும். சில சர்வர்களில் அது பிடிஎஃப் என்ற விவரத்தையே ஒழுங்காகச் சொல்வதில்லை, ஏதோ ஒரு கோப்பு என்று மட்டும் அனுப்பும். அப்போதும் டவுன்லோடுதான்.

உங்கள் பக்கம் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. குரோமில் செட்டிங்ஸ், ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, ‘சைட் செட்டிங்ஸ்’, அதற்குள் ‘அடிஷனல் கன்டென்ட் செட்டிங்ஸ்’ என்று உள்ளே உள்ளே போனால் ‘பிடிஎஃப் டாகுமென்ட்ஸ்’ வரும். (இதை ஏன் இவ்வளவு ஆழத்தில் புதைத்தார்களோ!) திறக்கவா, டவுன்லோடு செய்யவா என்று அங்கே தேர்ந்தெடுக்கலாம். ஃபயர்ஃபாக்ஸில் செட்டிங்ஸுக்குள் ‘அப்ளிகேஷன்ஸ்’ என்ற பட்டியல் இருக்கிறது. அதில் பிடிஎஃபுக்கு எதிரே பிரவுசரிலேயே திறக்க, வேறு மென்பொருளில் திறக்க, சேமிக்க, ஒவ்வொரு முறையும் கேட்க என்று நான்கு வழியும் இருக்கும். நான் ‘ஒவ்வொரு முறையும் கேள்’ என்று வைத்திருக்கிறேன். சிலருக்கு அது தொந்தரவாகப் படலாம்.

இதற்கென்றே ‘எல்லா பிடிஎஃபையும் டேபில் திறக்கவைக்கும்’ எக்ஸ்டென்ஷன்கள் கிடைக்கின்றன. சர்வர் அனுப்பும் குறிப்பைத் திருத்துவதற்காக அவை எல்லாத் தளங்களிலும் கைவைக்க வேண்டியிருக்கும். இதற்கெல்லாம் அது அதிகம். டவுன்லோடு ஆனதை ஒரு முறை தொட்டுத் திறந்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு விண்ணப்பப் படிவத்தைத் திறந்தால் ‘தயவுசெய்து காத்திருக்கவும்’ என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வருகிறது. அரை மணி நேரம் காத்திருந்துவிட்டேன். இணைய வேகம் போதாதா?
– இல்லத்தரசி

நாளைக்குக் காலைவரை காத்திருந்தாலும் வராது, அம்மா. இணைய வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது எக்ஸ்எஃப்ஏ என்ற வகைப் படிவம். பிடிஎஃப் உறைக்குள் வேறொரு முறையில் எழுதப்பட்ட படிவம் இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்த மென்பொருள் உள்ளே போய் எடுத்துக் காட்டும். தெரியாததற்கு மேலேயிருக்கும் அந்தக் ‘காத்திருக்கவும்’ பக்கம் மட்டும்தான் தெரியும். வாசகத்தை முழுதாகப் படித்தால் ‘உங்கள் மென்பொருளால் இதைக் காட்ட முடியாமல் இருக்கலாம்’ என்றும் எழுதியிருக்கும். அந்த வரியை முதலில் போட்டிருந்தால் எத்தனையோ பேரின் நேரம் மிஞ்சியிருக்கும்.

ஃபயர்ஃபாக்ஸில் திறந்து பாருங்கள். 2021 அக்டோபரில் வந்த 93-ஆம் பதிப்பு முதல் இந்த வகைப் படிவங்களை அது காட்டுகிறது, நிரப்பவும் முடியும். அதிலும் சரிவரவில்லை என்றால் கோப்பைச் சேமித்து அடோபி ரீடரில் திறக்க வேண்டியதுதான். இதற்கும் எக்ஸ்டென்ஷன் தேடிப் போகாதீர்கள். பிடிஎஃபின் 2017-ஆம் ஆண்டுத் தரநிலையிலேயே இந்த வகையைக் கைவிட வேண்டியது என்று குறித்துவிட்டார்கள். இன்னும் அதை வெளியிடும் இடங்களைத்தான் குறை சொல்ல வேண்டும்.

கேள்வி: இணையத்திலுள்ள பிடிஎஃப்களை என் எக்ஸ்டென்ஷன் நன்றாகத் திறக்கிறது. என் ஹார்ட் டிஸ்கில் உள்ளதைத் திறந்தால் மட்டும் அது வருவதே இல்லை.
– மொழிபெயர்ப்பாளர்

வராமல் இருப்பதுதான் சரி. உங்கள் டிஸ்கிலுள்ள கோப்புகளைத் தொட எக்ஸ்டென்ஷன்களுக்குத் தனி அனுமதி வேண்டும். குரோமில் அந்த எக்ஸ்டென்ஷனின் ‘டீடெய்ல்ஸ்’ பகுதியில் ‘அலவ் ஆக்ஸஸ் டு ஃபைல் யூஆர்எல்ஸ்’ என்று ஒரு பொத்தான் உண்டு. முதலில் அணைந்தே இருக்கும். போட்டுவிட்டால் திறக்கும். போடுவதற்கு முன் மேலே கணக்காளர் வாசகிக்கு எழுதியதைப் படித்துவிடுங்கள். பார்த்த பக்கங்களைப் பதிவு செய்யாத இன்காக்னிட்டோ ஜன்னலிலும் இதே கதைதான், நீங்கள் தனியாக அனுமதித்தால் ஒழிய எக்ஸ்டென்ஷன் அங்கே வராது.

கேள்வி: ஒரு பிடிஎஃப் எக்ஸ்டென்ஷனை நீக்கவே முடியவில்லை. ‘ரிமூவ்’ பொத்தானே இல்லை. ‘உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்று காட்டுகிறது. நான் எந்த நிறுவனத்திலும் இல்லையே?
– சொந்தத் தொழில் செய்பவர்

இதுதான் இந்த மாதக் கடிதங்களில் என்னைக் கவலைப்படவைத்தது. அலுவலகக் கம்ப்யூட்டரில் அப்படி வந்தால் கவலையில்லை, நிர்வாகி போட்டிருப்பார். சொந்தக் கம்ப்யூட்டரில் வந்தால் இரண்டில் ஒன்று. நீங்கள் நிறுவிய வைரஸ் தடுப்பு மாதிரியான மென்பொருள் ஏதாவது அப்படி ஒரு கட்டளையை எழுதியிருக்கலாம். அல்லது இலவச மென்பொருள் ஒன்றோடு ஒட்டிவந்த விஷமம் எழுதியிருக்கலாம். நிறுவனங்களுக்கென்று செய்த வசதியை இந்த விஷமிகள் நன்றாகவே பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

பிரவுசருக்குள் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். முதலில் விண்டோஸின் நிறுவிய மென்பொருள் பட்டியலைத் தேதிவாரியாக அடுக்கி, இந்தத் தொல்லை தொடங்கிய சமயத்தில் வந்து சேர்ந்தது எது என்று பாருங்கள். தெரியாத பெயர் இருந்தால் நீக்குங்கள். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் முழுச் சோதனை ஓட்டுங்கள். அப்புறமும் அந்த வாசகம் போகவில்லை என்றால், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்தக் கட்டளை உட்கார்ந்திருக்கும். அதைத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்திலிருக்கும்போது எடுங்கள். இது தீரும்வரை அந்தக் கம்ப்யூட்டரில் வங்கிப் பக்கம் திறக்க வேண்டாம்.

கேள்வி: தமிழ் பிடிஎஃபில் எழுத்தெல்லாம் அழகாகத் தெரிகிறது. நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது. தேடினாலும் எதுவும் அகப்படுவதில்லை. எந்த ஆட்-ஆன் போட வேண்டும்?
– ஆய்வு மாணவி

எந்த ஆட்-ஆனும் இதற்கு உதவாது. பிடிஎஃப் முதலில் காப்பாற்றுவது தோற்றத்தை. அதற்குள் எழுத்துரு பொதிந்திருப்பதால் கண்ணுக்குச் சரியாகத் தெரிகிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்தார்கள். நகலெடுத்தால் அந்த அடிப்படைதான் வெளியே வரும். அப்படி வந்ததை, எந்த எழுத்துரு என்று தெரிந்தால், எழுத்துரு மாற்றியில் போட்டு, எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துமுறையான யூனிகோடாக்கலாம். எழுத்துருவின் பெயர் அடோபி ரீடரில் கோப்பின் ‘ப்ராபர்ட்டீஸ்’ பகுதியில் ‘ஃபான்ட்ஸ்’ என்ற இடத்தில் இருக்கும்.

யூனிகோடில் செய்த பிடிஎஃபிலும் ‘கொ’, ‘கோ’ போன்றவை சிதறி வருவதுண்டு. கொம்பும் காலும் தனித்தனி வடிவங்களாகத் திரையில் தெரியும் வரிசையிலேயே பதிவாகி, எது எந்த எழுத்து என்ற அட்டவணை கோப்பில் விடுபட்டிருக்கும். அங்கே, பக்கத்தைப் படமாகப் பார்த்து எழுத்துகளைப் படித்துத் தரும் எழுத்துணரி ஒன்றே வழி. கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழை நன்றாகவே படித்துத் தருகிறது. வெளியே அனுப்ப விருப்பமில்லாதவர்களுக்கு டெசராக்ட் என்ற எழுத்துணரி இருக்கிறது, சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ஓடும். இரண்டிலும் வரும் பிரதியை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தாமல் ஆய்வேட்டில் சேர்த்துவிடாதீர்கள்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் பிரவுசரே போதும் என்கிறீர்கள். பிரவுசரில் ஓட்டையே கிடையாதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

உண்டு. 2015 ஆகஸ்டில் ஃபயர்ஃபாக்ஸின் பிடிஎஃப் பகுதியிலிருந்த ஓட்டை வழியாகக் கம்ப்யூட்டரிலிருந்து கோப்புகளைத் திருடினார்கள், ஒரு விளம்பரம் மூலமாக. 2024 மே மாதம் அதே பகுதியில், எழுத்துருவைக் கையாளும் இடத்தில் இன்னொன்று கண்டுபிடித்து 126-ஆம் பதிப்பில் அடைத்தார்கள். பிரவுசரில் ஓட்டை தெரிந்தால் அடைக்க ஒரு குழு உட்கார்ந்திருக்கிறது. மூன்று வருடமாக அப்டேட் காணாத ஒரு எக்ஸ்டென்ஷனுக்கு யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? சில எக்ஸ்டென்ஷன்கள் ஃபயர்ஃபாக்ஸின் அதே நிரலை எடுத்துத்தான் உள்ளே வைத்திருக்கின்றன. அவை பழைய பிரதியையே வைத்திருந்தால் பழைய ஓட்டையும் கூடவே இருக்கும். உங்கள் கையிலிருப்பது ஒன்றுதான்: அப்டேட் வந்தால் பிரவுசரை மூடித் திறங்கள். நாள்கணக்கில் மூடாமல் நாற்பது டேபோடு ஓட்டுபவர்களுக்கு அப்டேட் வாசலிலேயே நின்றிருக்கும்.

கேள்வி: ஊருக்கெல்லாம் உபதேசம் சரி. உங்கள் பிரவுசரில் ஒன்றுகூட இல்லையா?
– நீண்டகால வாசகர்

டிஜேவு கோப்புகளுக்காக ஒன்று வைத்திருக்கிறேன். பழைய நூல்களை ஸ்கேன் செய்து சிறிய அளவில் அடக்க ஏடி அண்ட் டி ஆய்வகத்தில் 1990-களில் உருவாக்கிய வடிவம் அது. எந்தப் பிரவுசருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. இணைய நூலகமான இன்டர்நெட் ஆர்க்கைவ் 2016-இல் புதிய டிஜேவு தயாரிப்பதை நிறுத்திவிட்டது. ஆனால் முன்பே சேர்த்துவைத்த நூல்கள் என்னிடம் அந்த வடிவில்தான் இருக்கின்றன. ‘ஆன் க்ளிக்’கில்தான் வைத்திருக்கிறேன், வலையைத் துண்டித்தும் சோதித்துப் பார்த்தேன், திறந்தது. மின்னூல்களுக்கான ஈபப் வடிவத்துக்கும் பிரவுசரில் இடமில்லை. எட்ஜில் ஒரு காலத்தில் இருந்தது, 2019-இல் எடுத்துவிட்டார்கள். அதற்கு நான் எக்ஸ்டென்ஷன் வைப்பதில்லை, கேலிபர் என்ற மென்பொருளில் படிக்கிறேன்.

கேள்வி: முந்நூறு பக்க பிடிஎஃபில் நாற்பதாம் பக்கத்தை நண்பருக்குக் காட்ட வேண்டும். இணைப்பை அனுப்பினால் அவருக்கு முதல் பக்கம்தான் திறக்கிறது. இதற்காவது எக்ஸ்டென்ஷன் உண்டா?
– வழக்கறிஞர்

முகவரியின் கடைசியில் ஹேஷ் குறி (#) போட்டு, ஆங்கிலத்தில் ‘பேஜ்’ என்று சிறிய எழுத்தில் தட்டி, சமக்குறி, 40. இடையில் இடைவெளி கூடாது. குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் நேரே அந்தப் பக்கத்தில் போய் நிற்கும். ஒரு சங்கதி: கோப்பில் அச்சிட்டிருக்கும் பக்க எண்ணை அது பார்க்காது, அட்டையிலிருந்து எண்ணித்தான் போகும். அட்டையும் முன்னுரையும் சேர்த்துப் பன்னிரண்டு பக்கம் போய், அதன் பிறகே 1 என்று எண் தொடங்கினால், 52 என்று போடுங்கள்.